செங்கொடி அக்காவின் சிபாரிசுக் கடிதம்

ஆட்சி கவிழ்ந்தால் எம்.பி. பதவியும் போய்விடுமா?

1999 ஏப்ரல் பதினேழாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், செங்கொடி அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் சொன்னேன். அதனால் என்ன ஆனது என்பதை எழுதிவிட வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். இன்றைக்கு முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது.

செங்கொடி அக்கா எங்கள் சந்துக்காரி. ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகம் போகிற வழியில், ஐஸ் பேக்டரியைத் தாண்டி இடது பக்கம் பிரிகிற சந்து. அதில் முதல் வீடு அவளுடையது. ஒரே அறை, ரோட்டைப் பார்த்த கதவு. அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. கக்கத்தில் ஒரு கட்டை வைத்து நடப்பாள். தூரமாகப் போக வேண்டுமென்றால், மூன்று சக்கரத்தில் மீன் ஏற்றுகிற மீன்பாடி வண்டியில் ஏறிக்கொள்வாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், சிவப்புச் சங்கத்துக்காரர். வேலைநிறுத்தம் நடந்த வாரத்தில் பிறந்ததால் பெண்ணுக்கு இந்தப் பெயரை வைத்தாராம். அவர் இறந்த பிறகு அக்காவும் அவள் அம்மா பவுனம்மாளும்தான். பவுனம்மாள் காசிமேட்டில் மீன் விற்கிறவள். அக்கா வீட்டில் உட்கார்ந்து பிளவுஸுக்கு ஊக்கு தைப்பாள்.

ஆனால் தேர்தல் வந்துவிட்டால் ஊக்கும் நூலும் பரணுக்குப் போய்விடும். எங்கள் பக்கத்தில் பூத் சிலிப் எழுதுவது அவள்தான். தேர்தலுக்கு முன்னால் கட்சிக்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பார்களே, வாக்காளர் பெயர், வரிசை எண், எந்தப் பள்ளிக்கூடம், எந்த அறை என்று எழுதி, கீழே சின்னம் அச்சடித்த துண்டுச் சீட்டு, அதுதான். அக்காவின் எழுத்து அவ்வளவு தெளிவாக இருக்கும். கண் தெரியாத கிழவர்கள்கூடப் படித்துவிடுவார்கள். அதனால் எல்லாக் கட்சியும் அவளிடமே வரும். ஒரு கட்சியின் சீட்டுக்கட்டை வாசல் பக்கம் வைத்துக்கொள்வாள், எதிர்க்கட்சியின் கட்டை அடுப்புப் பக்கம். நடுவில் அவள். தொண்ணூற்றாறிலும் தொண்ணூற்றெட்டிலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலைப் படித்தேன், அவள் எழுதினாள்.

"இன்னாக்கா, சங்கத்துக்காரர் பொண்ணு, எல்லாக் கட்சிக்கும் எழுதறியே" என்று யாராவது வம்புக்கு இழுத்தால், "பேரு எங்கப்பன் வெச்சது. கையெழுத்து என்னுது. உனுக்கு நோவுதுன்னா நீ குந்தி எழுதேன், பாக்கலாம்" என்பாள்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் நடந்தது எம்.பி. தேர்தல். ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் தண்டபாணி. அவரை எல்லோரும் 'வட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சீட்டுக்கட்டை வாங்கிக்கொண்டு கூலியை எடுத்தபோது, அக்கா கையை நீட்டவில்லை.

"துட்டு வேணாம் வட்டம். எனுக்கு ஒரு போன் வாங்கிக் குடு."

அப்போதெல்லாம் வீட்டுக்கு டெலிபோன் வேண்டுமென்றால் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எம்.பி.யிடமிருந்து சிபாரிசுக் கடிதம் கிடைத்தால் வரிசையைத் தாண்டிச் சீக்கிரம் வாங்கலாம். அக்கா ஏற்கெனவே பதிந்துவைத்திருந்தாள். ஊனமுற்றவர்களுக்கு, காசு கொடுத்து வெளியூருக்குப் பேசுகிற எஸ்.டி.டி. பூத் வைக்க முன்னுரிமை உண்டு என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு வாசல் வழியாகத்தான் விசைப்படகில் வேலை செய்கிறவர்கள் போய்வருவார்கள். ராமநாதபுரத்துக்காரர்கள், நாகப்பட்டினத்துக்காரர்கள், நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கரைக்கு வந்தவுடன் ஊருக்குப் பேச வேண்டும் என்று அலைவார்கள். கல்மண்டபத்தில் இருக்கிற பூத்தில் எப்போதும் வரிசை. "நம்ப வாசல்ல ஒரு போனு இருந்தா, நான் எங்கியும் நடக்க வேணாம், அவுங்க நடந்து வருவாங்கோ" என்பாள்.

அந்தப் பூத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. நான் பன்னிரண்டாவது முடித்திருந்தேன். மார்க் குறைவு. காலேஜுக்கு அனுப்ப வீட்டில் வழியில்லை. காலையில் அக்கா உட்காருவாள், சாயங்காலம் நான் என்று பேச்சு. எனக்கு வீட்டில் ஒரு இடத்தில் இருக்க முடியாது. தண்ணீர் பிடித்துவிட்டு, பாத்திரம் துலக்கிவிட்டு, ஐஸ் பேக்டரி வரை போவேன், வருவேன், மறுபடியும் போவேன். "இவுளுக்கு கால்ல சக்கரம், எனுக்கு கட்ட" என்று அக்கா சிரிப்பாள். கண்ணாடித் தடுப்பு எத்தனை அடி, ஸ்டூல் எங்கே, மீட்டர் எங்கே என்று நாங்கள் சாக்பீஸால் தரையில் கோடு போட்டிருந்தோம். பவுனம்மாள் தினமும் அந்தக் கோட்டின் மேல் மீன் கூடையை இறக்கி அழித்துவிடுவாள். மறுநாள் நான் திரும்பவும் போடுவேன்.

வட்டத்தின் கட்சிதான் ஜெயித்தது, ஆனால் கடிதம் வரப் பதினான்கு மாதம் ஆனது. கேட்கும்போதெல்லாம் வட்டம் ஒரே பதில் சொல்வார். "டெல்லில கொஞ்சம் அடங்கட்டும்மா. கூட்டணி நிக்குதா படுக்குதான்னே தெரியல, இப்போ போயி போனு கேட்டா கடிப்பாங்க."

அது பொய் இல்லை. அந்த ஆட்சி பல கட்சிகள் சேர்ந்து நடத்தியது. வாரத்துக்கு ஒரு கட்சிக்குக் கோபம் வரும். கமால் பாய் டீக்கடைக்கு வரும் பேப்பரை, எல்லோரும் படித்து முடித்த பிறகு நான் வாங்கிவந்து அக்காவுக்குப் படிப்பேன். "இன்னிக்கு யாரு மொகத்த தூக்கிகினு கீறாங்கோ?" என்று கேட்டுக்கொண்டே ஊக்கு தைப்பாள். யாரோ ஆதரவை வாபஸ் வாங்கப்போகிறார்கள் என்று வந்தால் அவள் கை நின்றுவிடும். சமாதானம் ஆகிவிட்டது என்று வந்தால் திரும்ப ஊசி ஓடும். டெல்லியில் நடப்பதை நாங்கள் அவ்வளவு கவனித்ததற்குக் காரணம் நாட்டைப் பற்றிய கவலை என்று சொல்ல முடியாது. எங்கள் கவலை அந்த ஒரு கடிதம்தான்.

ஏப்ரல் பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், வட்டம் ஓடிவந்தார். நாளைக்கு நாடாளுமன்றத்தில் நம்பிக்கை ஓட்டெடுப்பு. அவர் முகம் வியர்த்திருந்தது.

"இந்தா செங்கொடிம்மா. கைல புடி. நாளைக்கு இன்னா ஆவும்னு எனக்கே தெரியாது."

தடித்த வெள்ளைத் தாள், மேலே முத்திரை, கீழே கையெழுத்து. அக்கா அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். நான் படித்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை டெலிபோன் ஆபீசுக்குப் போக நீலமேகத்தின் மீன்பாடி வண்டியை அப்போதே சொல்லிவைத்தோம்.

"வண்டிய நல்லா கழுவிகினு வாப்பா. ஆபீசருங்கோ மூக்கப் புடிச்சிகினா அப்பால போனு எங்க குடுப்பாங்கோ?" என்றாள் அக்கா.

"உனுக்காக சென்டே அடிச்சுகினு வரேன்" என்றார் நீலமேகம்.

சனிக்கிழமை கமால் பாய் கடையில் டிவி முன்னால் கூட்டம். பாய் சின்ன கறுப்பு வெள்ளை டிவியை பெஞ்சு மேல் ஏற்றி வைத்திருந்தார். நான் கடை ஓரத்தில் நின்று பார்த்தேன். ஓட்டு எண்ணிக்கை வந்தது. ஆட்சிக்கு ஆதரவாக இருநூற்று அறுபத்தொன்பது. எதிராக இருநூற்று எழுபது.

"ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு மாமு!" என்று பாய் தலையில் கை வைத்தார். "எங்க தோஸ்துங்க சீட்டு வெளையாடறப்பகூட இப்டி தோத்ததில்ல."

ஒருவர் விசிலடித்தார். ஒருவர் கிளாசை வைத்துவிட்டுக் காசு கொடுக்காமலே போய்விட்டார். "கவர்மெண்டு பூட்சி, கவர்மெண்டு பூட்சி" என்று சத்தம் துறைமுகம் வரை போனது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் அக்கா வந்தாள். கட்டையை ஊன்றி, வெயிலில், செருப்பு போடாமல். கடைக்கு முன்னால் நின்று என்னைத்தான் பார்த்தாள்.

"மகி, கவர்மெண்டு பூட்சின்னா எம்.பி.யும் பூட்டாரா? நம்ப லெட்டரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான்தான். அதுவரை அந்தத் தெருவில் யாரும் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

"போயிடும்க்கா. ஆட்சியே இல்ல, அப்புறம் எம்.பி. எங்க இருந்து? லெட்டர் செல்லாது."

கமால் பாய் தலையைச் சொறிந்தார். "அது எப்டி பாப்பா? இப்போ கவுத்தாங்களே, அவுங்களும் எம்.பி.தான? அவுங்களுக்கும் பதவி பூடும்னு தெரிஞ்சா கவுப்பாங்களா?"

"பாய், நான் பத்தாவதுல குடிமையியல் படிச்சு எழுதி பாஸ் பண்ணிருக்கேன்" என்றேன்.

"அப்போ சர்தாம்மா. நான் நாலாவதோட நின்னவன்" என்று அவர் டீ ஆற்றப் போய்விட்டார்.

குடிமையியலில் நான் பாஸ் பண்ணியது உண்மை. அந்தப் பாடத்தை நான் மனப்பாடம் செய்து எழுதினேன், பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் மறந்தேன். அதுவும் உண்மை. அக்கா கட்டையை ஊன்றித் திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை காலை நீலமேகம் வண்டியைக் கழுவிக்கொண்டு வந்து மணியடித்தார். அக்கா கதவைத் திறந்து, "வேணாம் நைனா, கவர்மெண்டு கவுந்துச்சு, நம்ப வண்டியும் கவுந்துச்சு" என்று அனுப்பிவிட்டாள். கடிதம் டிரங்குப் பெட்டிக்குள் போனது. ஊக்கு டப்பா வெளியே வந்தது.

அடுத்த ஒரு வாரம் எனக்கு நினைவிருக்கிற வரையில் நான் எங்கேயும் முழுதாக உட்காரவில்லை. டெல்லியில் எதிர்ப்பக்கத்தார் ஆட்சியமைக்கத் தங்களிடம் எண்ணிக்கை இருக்கிறது என்றார்கள். மறுநாள் பேப்பரில் இல்லை என்று வந்தது. அதற்கு மறுநாள் இருக்கலாம் என்று வந்தது. காலையில் பேப்பர் வருவதற்கு முன்பே பாய் கடையில் போய் நிற்பேன். பாய், "ஏம்மா, உன்ன மந்திரியாக்கப் போறாங்களா?" என்று கேலி செய்வார்.

"வேற ஆட்சி வந்தா இந்த லெட்டரு செல்லுமா?" என்று அக்கா கேட்டாள்.

"புது ஆட்சின்னா புது எம்.பி.ங்க வருவாங்க. அவங்க கிட்ட புதுசா வாங்கணும்" என்றேன். ஒரு தப்பைச் சொன்ன வாய்க்கு இரண்டாவது தப்பு சுலபமாக வந்தது.

வியாழக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது அவள் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்து வைத்திருந்தாள்.

"எதுக்கும் ஒருவாட்டி போயி கேட்டுப் பாக்கலாமா மகி? நீலமேகம் சொம்மாதான் கீறான்."

"செல்லாத லெட்டரக் கொண்டுபோயி நீட்டி அங்க அசிங்கப்படணுமாக்கா?" என்றேன்.

அவள் அதைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். நான் எழுதுவதில் எனக்கு மிகவும் கஷ்டமான வரிகள் இவை.

திங்கட்கிழமை, இருபத்தாறாம் தேதி, மக்களவை கலைக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை காலை பேப்பரில் பெரிய எழுத்தில் இருந்தது. கடை வாசலில் நின்று படித்தேன். நேற்று முதல் எம்.பி.க்கள் எல்லோரும் பதவி இழந்தார்கள் என்று இரண்டாவது பத்தியில் ஒரு வரி. நேற்று முதல். அதைத் திரும்பப் படித்தேன். நேற்று முதல் என்றால், நேற்று வரை?  

அன்றைக்குப் பண்டிகை, ஆபீஸ் விடுமுறை. புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் டெலிபோன் ஆபீசுக்கு நடந்தே போனேன். கவுண்ட்டரில் ஒரு அம்மா இருந்தார். கடிதத்தை நான் எடுத்துப் போகவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"எப்ப வந்துச்சு லெட்டர்?"

"பதினாறாம் தேதி மேடம்."

"பன்னெண்டு நாள் என்ன பண்ணீங்க?"

"ஆட்சி கவிழ்ந்துடுச்சே, எம்.பி. பதவி போயிடுச்சுன்னு..."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கவிழ்ந்தது மந்திரிசபைம்மா. எம்.பி. எம்.பி.யாத்தான் இருந்தாரு, சபையக் கலைக்கிற வரைக்கும். போன வெள்ளிக்கிழமைகூட ரெண்டு பேர் கொண்டாந்து குடுத்தாங்க, வாங்கி வெச்சேன். இப்போ வாங்க முடியாது. யாரு உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

நான் வெளியே வந்தேன். நேராக வீட்டுக்குப் போகவில்லை. துறைமுகம் வரை போனேன். அங்கிருந்து கடலோரமாகத் திருவொற்றியூர்ப் பக்கம் நடந்தேன். அலையைத் தடுக்கப் போட்டிருந்த பாறாங்கல் மேல் உட்கார்ந்தேன், எழுந்தேன். சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுகூட யோசித்தேன். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் அவள் மறுபடி எதையாவது என்னிடம் கேட்பாளே என்று நினைத்தபோது பயமாக இருந்தது. திரும்பினேன்.

அக்கா பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பவுனம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அந்த லெட்டர் செல்லிருக்கும்."

"எது?"

"நம்ப லெட்டர். முந்தாநாள் திங்கட்கிழமை வரைக்கும் செல்லிருக்கும். ஆபீஸ்ல கேட்டுட்டு வரேன். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். 

"வியாழக்கெழம நான் கேட்டேன்ல?"

"கேட்டே."

"நீ இன்னா சொன்னே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாயத் தொறந்து சொல்லுமே. அன்னிக்கு தொறந்தல்ல."

"அசிங்கப்படணுமான்னு கேட்டேன்."

பவுனம்மாள்தான் முதலில் கத்தினாள். "பன்னண்டாவது எதுக்குடி படிச்சே? அடுத்தவ வூட்டு போன புடுங்கறதுக்கா?"

"நீ சும்மா இரும்மா" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "தெரியலன்னு சொல்லிருந்தாகண்டி நானே வண்டி ஏறிருப்பேன். கால் இல்லாதவோ போயி கேட்டிருப்பா. ரெண்டு காலு வெச்சிகினு நீ போவல. போ. இப்போதிக்கு என் மூஞ்சில முழிக்காத" என்றாள்.

மூன்று மாதத்துக்கு மேல் நான் அந்த வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி நடந்தேன்.

மறுபடி தேர்தல் அறிவித்தார்கள். ஆகஸ்டில் பவுனம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "பட்டியல் வந்துகீது. படிக்க ஆளு இல்லியாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் போனேன். அக்கா நிமிர்ந்து பார்க்காமல், "குந்து. மூணாவது பக்கத்துலேந்து படி" என்றாள்.

படித்துக்கொண்டிருக்கும்போது வட்டம் வந்தார். அவரோடு இன்னொருவர். போன தேர்தலில் இவர்கள் இரண்டு பேரும் இதே சந்தில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தவர்கள். இப்போது ஒரே கூட்டணி, ஒரே சைக்கிள்.

"யாரு முன்னாடி, யாரு பின்னாடி குந்துனது?" என்று அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் மேலிடம் பேசி முடிச்சுட்டாங்க செங்கொடிம்மா" என்று வட்டம் சிரித்தார். "இந்தவாட்டி நம்ம ஆட்சி வந்துச்சுன்னா மொத லெட்டர் உனக்குத்தான்."

"வந்தா சர்தான். நிக்குமா?"

வட்டம் கூட வந்தவரைப் பார்த்தார். அவர் வட்டத்தைப் பார்த்தார்.

"அது... டெல்லி சமாச்சாரம்."

"அப்போ எனுக்கு லெட்டரு வேணாம். எழுதுன கூலிய ரெண்டு பேரும் குடுத்துட்டு போங்கோ."

அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு பேனாவை மூடாமலே கேட்டாள். "மகி, நான் பதிஞ்ச நம்பரு ஒண்ணு கீதே. லெட்டரு இல்லாம, சொம்மா வரிசைல நிக்கிற நம்பரு. சபைய கலைச்சா அதுவும் பூடுமா?"

போகாது என்றுதான் எனக்குத் தோன்றியது. வாய்வரை வந்தது.

"தெரியலக்கா. கேட்டுட்டு வரேன்."

மறுநாள் காலை போனேன். அதே அம்மா. ஆட்சி மாறினாலும் சபை கலைந்தாலும் வரிசை எண் அப்படியே இருக்கும் என்றார். வந்து சொன்னேன். "எழுதி வாங்கியாந்தியா?" என்றாள் அக்கா. இல்லை. அதற்கு மறுநாள் திரும்பவும் போய், அந்த அம்மாவிடம் கெஞ்சி, ஒரு துண்டுத் தாளில் எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கிவந்தேன். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து கோழி கிண்டுன மாரி கீது" என்றாள். அதுதான் ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் அவள் சொன்ன முதல் வேடிக்கை.

அந்தத் தேர்தலில் சிலிப் தொலைத்துவிட்டு அவள் வாசலுக்கு வந்து எண் கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னாள். "கவர்மெண்டு வுழுந்தா எம்.பி. வுழமாட்டாரு, தெரிஞ்சிக்கோ. சபைய கலைச்சாத்தான். தோ குந்திகினு கீதே, இவுளக் கேளு." நான் தலையாட்டுவேன். வெட்கமாகத்தான் இருந்தது.

இது 2000 ஏப்ரல். போன் இன்னும் வரவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை நான் ஆபீசுக்குப் போய் எண்ணைப் பார்த்துவருகிறேன். அக்காவுக்கு முன்னால் இன்னும் நூற்றுப் பதினோரு பேர் இருக்கிறார்கள். இப்போது இருப்பதும் இருபதுக்கு மேற்பட்ட கட்சிகள் சேர்ந்த ஆட்சிதான். பேப்பரில் யாரோ கோபம் என்று வந்தால் அக்கா கை நிற்பதில்லை. நான்தான் எழுந்து ஐஸ் பேக்டரி வரை போய்வருகிறேன். எந்தத் தெருவில், எந்தப் பெட்டியில், யாருடைய கடிதம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். ஆட்சி விழுந்த செய்தி வந்தால், மறுநாள் காலையே கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகச் சொல்லுங்கள். கவுண்ட்டரில் இருப்பவர் முடியாது என்று சொன்ன பிறகு திரும்பி வரட்டும். அதற்கு முன்னால் தெருவில் நிற்கிற யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். செங்கொடி அக்காவின் பெயரைச் சொல்லியே சொல்லலாம், அவளிடம் கேட்டுவிட்டேன். "என் பேர சொல்லிக்க. உன் பேரையும் சேத்து சொல்லச் சொல்லு" என்றாள். என் பெயர் மகிழினி.